விலைப்புள்ளிக்கு ஃபுல் சஸ்பென்ஷன்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி மாடிப்படி துடைக்கிறவர் முதல் செயற்பொறியாளர் வரை எல்லாரும் அவரை விலைப்புள்ளி என்றுதான் சொல்வோம். அவரே ஒருமுறை தொலைபேசியை எடுத்து, விலைப்புள்ளி பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். ஒப்பந்தப்புள்ளிப் பிரிவு எழுத்தர். அலுவலகத்துக்கு ஒரு குழாய் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்க வேண்டும், மூன்றையும் கட்டம் போட்ட தாளில் ஒப்பிட்டு எழுத வேண்டும், அடியில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக இதுதான் அவர் வேலை. மற்றவர்கள் வேலையை ஐந்து மணிக்கு மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குடை வாங்க மூன்று கடை. பல் பிடுங்க மூன்று மருத்துவர். மூன்றாமவரிடம் தேதி கிடைப்பதற்குள் அந்தப் பல் தானாக விழுந்துவிட்டது, அதில் அவருக்குப் பரம திருப்தி. மூன்று பேரைக் கேட்காமல் அவர் முடித்த ஒரே காரியம் கல்யாணம்தான் என்று அவர் மனைவி சொல்வார். அந்தப் பெண் மழலையர் பள்ளி ஆசிரியை. முப்பது வாண்டுகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவர், பேச்சு நறுக்கென்று இருக்கும்.

நான் புகார்ப் பிரிவு. தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது, பக்கத்து வீட்டுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று காலை பத்து மணியிலிருந்து ஊர் திட்டுகிற திட்டை எல்லாம் வாங்கி எழுதிக்கொள்கிறவள். எனக்குக் கோபம் அதிகம், வாயும் அதிகம், அதை மறைக்கப் போவதில்லை. பத்தொன்பது வருடமாக எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு இரும்பு அலமாரி அகலம்தான் இடைவெளி. அவர் என்னை அக்கா என்பார். உங்களைவிட ஒன்றரை வயதுதான் பெரியவள் என்று முதல் வாரமே சொல்லிப் பார்த்தேன், பலனில்லை.

ஒன்றை மட்டும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்: அவர் கை சுத்தம். ஒப்பந்தக்காரர்கள் அவர் மேசைக்கு வந்தால் ஒரு பேனாவைக்கூட மறந்துவிட்டுப் போக முடியாது, பின்னாலேயே ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படி இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் தம்பி அவரை நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் உள்ள குன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கல்லும் வேருமாக ஒரு ஒற்றையடிப் பாதை. மனுஷன் நடந்தாலே கால் பிசகும், அதில் சைக்கிள் ஓட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் வாரா வாரம் போகிறது. இரவல் சைக்கிளில் இவரும் இறங்கினார். முழங்கைத் தோல் உரிந்தது. திங்கட்கிழமை கட்டுப் போட்ட கையோடு வந்து உட்கார்ந்தவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதோ நல்ல சேதி என்று நினைத்தேன். இனிமேல் சைக்கிள் பக்கம் போனால் நடப்பதே வேறு என்று மனைவி சொல்லிவிட்டாராம். அவர் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளே கட்டம் போட்ட தாளை எடுத்துவிட்டார்.

மலைப்பாதை சைக்கிள் வாங்குவது என்று மனதுக்குள் முடிவு. அதன் ஃப்ரேம் கார்பனா, அலுமினியமா என்பது கேள்வி. கார்பன் அரைக்கிலோ இலேசு, கல்லில் ஏறி இறங்கும் அதிர்வு கைக்கு அவ்வளவாக வராது. ஆனால் பாறையில் வசமாக மோதினால் உள்ளுக்குள் விரிசல் விட்டுவிட்டு வெளியே பளபளவென்று இருக்கும். அலுமினியம் கனம், விலை குறைவு, அடிபட்ட இடம் நசுங்கி நம் கண்ணுக்கே தெரியும். விஷயம் தெரிந்தவர்கள் இதை ஒரு டீ ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவார்கள். எங்கள் ஆள் பதினோரு மாதம் பேசினார்.

நாற்பத்திரண்டு கட்டம். மழையில் எப்படி, வெயிலில் எப்படி, ஓட்டுகிறவர் எழுபது கிலோ என்றால் எப்படி, சாப்பிட்ட பிறகு எப்படி. சாப்பாட்டு இடைவேளையில் அந்தத் தாளை விரித்தால் எங்கள் தட்டு வைக்க இடமிருக்காது. தட்டச்சு அம்மா ஆரம்பத்தில் ஒரு மாதம், நகல் எடுக்கிற கார்பன் தாளை எப்படி மடித்து வண்டி செய்வார்கள் என்று தனியாகக் குழம்பிக்கொண்டிருந்தார். கேன்டீன்காரர் தன் டீப் பாத்திரத்தைத் தட்டிக் காட்டி, இது இருபது வருடமாக உழைக்கிறது என்று அலுமினியத்துக்கு ஓட்டுப் போட்டார். அந்த ஓட்டும் ஒரு கட்டத்தில் ஏறியது. கார்பன் அலுமினியம், கார்பன் அலுமினியம் என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப் போயிற்று. எப்போது பார்த்தாலும் அவர் வாயில் இந்த இரண்டு வார்த்தைதான், மூன்றாவது வார்த்தை சைக்கிள். அதைத் தாண்டி நாங்களும் கேட்கவில்லை, எங்களுக்கு உயிர் மேல் ஆசை இருந்தது.

முடிவு ஆகாததற்குக் காரணம் ரொம்ப எளிது. இரண்டு கடைக்காரர்கள் விலைப்புள்ளி கொடுத்துவிட்டார்கள், மூன்றாவது கடைக்காரன் பதிலே போடவில்லை. இரண்டை வைத்து ஒப்பிட விதியில் இடமில்லை. எந்த விதி, உங்கள் வீட்டு விதியா என்று நான் கத்தினேன். அவர் அந்தக் கடைக்கு நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு என்று எண் போட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நினைவூட்டுக்கு அவன் பதில் போட்டான். பாவம், பயந்திருப்பான்.

அது வந்த வாரத்தில்தான் இன்னொன்றும் முற்றியது. எங்கள் கண்காணிப்பாளர் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி வரிசைப்படி விலைப்புள்ளிக்கு வர வேண்டியது. செயற்பொறியாளர் வெள்ளிக்கிழமைக்குள் பெயரை எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ஒரே ஒரு நிபந்தனை, ஆள் மேல் எந்தக் கறையும் இருக்கக் கூடாது. இந்த இடம் தவறினால் அடுத்தது காலியாக ஆறு வருடம் ஆகும், அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அவர் ஓய்வு பெற்றுவிடுவார். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவர் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். தன் பெயருக்குக் கீழே பதவியை எழுதினால் எப்படி இருக்கும் என்று ஒரு கிழிசல் தாளில் எழுதிப் பார்த்ததை நான் பார்த்தேன், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தண்ணீர் வடிகட்டிப் பக்கம் நின்று அவர் கைப்பேசியில் குரலைத் தாழ்த்திப் பேசினார். அந்தப் பக்கம் தபால் பிரிவுக்காரர் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது இவ்வளவு:

"ஆமா, ஃபுல் சஸ்பென்ஷன்தான். முடிவாயிடுச்சு. இனிமே மாத்த முடியாது, கையெழுத்துப் போட்டாச்சு. இருபத்தெட்டாம் தேதி வந்துடும். வீட்ல இன்னும் சொல்லல. சொன்னா தாங்க மாட்டா."

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த சைக்கிளுக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. சர்க்கார் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தப்புச் செய்து மாட்டியவனை, விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று வீட்டுக்கு அனுப்புவது. கார்பன் என்றோ அலுமினியம் என்றோ ஒரு சொல் அந்தப் பேச்சில் விழுந்திருந்தால்கூட எங்களுக்குப் புரிந்திருக்கும். பதினோரு மாதம் ஓயாமல் சொன்ன மனுஷன் அன்றைக்கென்று பார்த்து அதைச் சொல்லவில்லை.

மூன்று மணிக்குள் விஷயத்துக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. குழாய் ஒப்பந்தத்தில் கை நீட்டிவிட்டாராம். கையும் களவுமாகப் பிடித்தார்களாம். பணியாளர் பிரிவு எழுத்தர் ஒருத்தர் இருக்கிறார், வரிசையில் விலைப்புள்ளிக்கு அடுத்தவர். அவர் எங்களை உட்கார வைத்து வகுப்பே எடுத்தார். சாதாரண சஸ்பென்ஷனில் பாதிச் சம்பளமாவது வரும், ஃபுல் என்றால் அதுவும் கிடையாது, நிலைமை மோசம் என்றார். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் சொன்ன தோரணையில் எங்களுக்கு அது பத்தி எண்ணோடு கண்ணுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலையில் யாரோ அவருடைய சுழலும் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒரு மர நாற்காலியைப் போட்டிருந்தார்கள். எப்படியும் காலியாகப் போகிற இடம்தானே. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முதுகுக்கு மரம்தான் நல்லது என்று உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமாக அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஒப்பந்தக்காரர் ஒருவர் அன்றைக்கு வந்து, உங்களைப் போய் இவ்வளவு நாளாகத் தப்பாக நினைத்துவிட்டேனே சார் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கடைசியில் நம்ம ஆள்தான் என்று தெரிந்ததில் அவருக்கு அவ்வளவு பாசம். விலைப்புள்ளி ஒன்றும் புரியாமல் நன்றி சொன்னார். சைக்கிள் வாங்கிய சேதி எப்படியோ கசிந்துவிட்டது, அதனால்தான் எல்லாரும் இப்படி அன்பாக இருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். மனச விட்டுடாதீங்க."

அவர் வெட்கப்பட்டார். அந்த வெட்கம் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"எனக்கும் கொஞ்சம் பயம்தான்க்கா. ஆனா இந்த வயசுலயும் பண்ணலைன்னா அப்புறம் எப்ப பண்றது, சொல்லுங்க?"

லஞ்சத்துக்கு வயது வரம்பு வைத்துப் பேசுகிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன்.

"ஆயுசுக்கும்னு எழுதியே குடுத்துட்டாங்க. ஆனா நாமளா மேலேர்ந்து கீழ விழுந்து ஏதாவது ஆச்சுன்னா அவங்க பொறுப்பில்லையாம்."

வாரண்டியைப் பற்றி அவர் பேசினார், நான் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியை நினைத்தேன். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டுப் போடச் சொல்லிக் காவலாளியிடம் சண்டை பிடித்தேன். அப்புறமும் மனம் ஆறாமல் அவர் மனைவிக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்த மாதிரி, இந்த மாதிரி, வீட்டில் அவரைத் தனியாக விடாதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வாண்டுகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, சரிங்க, நான் பாத்துக்கறேன் என்று வைத்துவிட்டார். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்து வருவதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் செயற்பொறியாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் விலைப்புள்ளியின் கோப்பு திறந்திருந்தது. ஓரத்தில் பச்சை மையில் "பேசவும்" என்று எழுதியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு எதுவும் எனக்கு வரவில்லை, ஆனால் வெளியே இப்படிப் பேசிக்கொள்கிறார்களே என்றார். அவர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, எங்களில் யாரையும் சரியாகத் தெரியாது. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பத்தொம்பது வருஷமா பக்கத்துப் பக்கத்து டேபிள். இந்த ஆள் அப்படிச் செய்யக்கூடியவரா? நீங்க சொல்லுங்க, நான் எழுதிடறேன்."

சார், அவர் மறந்துபோன பேனாவைத் திருப்பிக் கொடுக்க வாசல் வரை ஓடுகிற ஆள் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் போதும். அது என் நாக்கு நுனி வரை வந்தது, இது உண்மை. ஆனால் நாளைக்கு நிஜமாகவே உத்தரவு வந்துவிட்டால், இந்த அம்மாதான் நல்லவர் என்று சொன்னாள், இவளுக்கும் அதில் பங்கு உண்டோ என்று என் பக்கம் திரும்பிவிடுவார்களே என்று பயந்துவிட்டேன்.

"எனக்கு என்ன சார் தெரியும்? அவர் டேபிள் வேற, என் டேபிள் வேற."

ஊரெல்லாம் திட்டித் தீர்க்கிற என் வாய்தான் இப்படிப் பேசியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணித் தபாலில் வேறு பெயர் போய்விட்டது. சஸ்பென்ஷனில் பாதி, முழுசு என்று வகுப்பு எடுத்தாரே, அந்தப் பணியாளர் பிரிவு எழுத்தரின் பெயர்.

பன்னிரண்டரை மணிக்கு விலைப்புள்ளியின் மனைவி வந்தார். இரண்டு நாள் வீட்டில் அவரிடம் ஒன்றும் கேட்காமல் கவனித்துப் பார்த்தாராம், அன்றைக்குப் பள்ளியில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராக எங்கள் பெரிய அறைக்குள் நுழைந்து நடுவில் நின்றார். வாண்டுகளை உட்கார வைக்கிற அதே பார்வையால் எங்களையும் ஒரு சுற்றுச் சுற்றினார். நாங்களும் உட்கார்ந்தோம்.

"யாருங்க இவர் லஞ்சம் வாங்கினார்னு சொன்னது? இவர் லஞ்சம் வாங்கறதா இருந்தா மூணு பேர்கிட்ட விலைப்புள்ளி கேட்டு, கட்டம் போட்டு, ஒப்பிட்டுப் பாத்து முடிக்கறதுக்குள்ள ரிட்டயர் ஆயிருப்பார். கூடவே உக்காந்து வேலை பாக்கறீங்க, இதுகூடத் தெரியாதா?"

அறையே சிரித்தது. விலைப்புள்ளி மட்டும் மர நாற்காலியில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். தபால் பிரிவுக்காரர் எழுந்து, நீங்கள்தானே செவ்வாய்க்கிழமை உங்கள் வாயாலேயே ஃபுல் சஸ்பென்ஷன் என்று சொன்னீர்கள் என்று இழுத்தார். அப்போதுதான் சைக்கிள் வெளியே வந்தது. முன்னால் ஃபோர்க், பின்னால் ஷாக், ஆயுசுக்கும் வாரண்டி, இருபத்தெட்டாம் தேதி டெலிவரி. மனைவி அரை நிமிடம் கண்ணை மூடித் திறந்தார்.

"சைக்கிளா. சரி, அதை வீட்ல பேசிக்கலாம்" என்றார். அவருடைய சஸ்பென்ஷன் உண்மையில் அந்த வினாடியில்தான் ஆரம்பித்தது என்று தட்டச்சு அம்மா சொல்ல, மறுபடியும் சிரிப்பு. கேன்டீன்காரர் எல்லாருக்கும் டீ கொடுத்தார். சுழலும் நாற்காலி திரும்பி வந்தது. எடுத்தவர் யாரென்று தெரியாமலே வந்து சேர்ந்தது.

சிரிப்பு அடங்கினதும் விலைப்புள்ளி செயற்பொறியாளர் அறைக்குப் போனார். நல்ல மனுஷன், கோபமாகக்கூடப் போகவில்லை. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, இந்தக் கூத்தைச் சொல்லி அவரையும் சிரிக்க வைக்கலாம் என்றுதான் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தார். வந்து மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பெயர் பதினொரு மணிக்கே போய்விட்டது, திரும்பக் கேட்க முடியாது, உங்கள் பக்கத்து மேசைக்காரரே உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான் வேறு என்ன செய்ய முடியும் என்று செயற்பொறியாளர் கையை விரித்துவிட்டாராம். இதைப் பிறகு அந்த அறை உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விலைப்புள்ளி என்னிடம் கேட்டது வேறு.

"பெரிய சார் நேத்து என்னைப் பத்தி உங்ககிட்ட கேட்டாராக்கா?"

"கேட்டாரு" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நான் என்ன பதில் சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருப்பேன். இருபத்தாறு வருடம் ஒரு மனுஷன் எங்கள் கண் முன்னால் கை சுத்தமாக இருந்திருக்கிறார். அவரா, இருக்காதே என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. பள்ளியிலிருந்து அரைநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு வெளியிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருந்தது. தூ, நாங்களும் ஒரு அலுவலகம்.

இருபத்தெட்டாம் தேதி சைக்கிள் வந்தது. வீட்டில் என்ன நடந்ததோ தெரியாது, மறுநாள் அதை அலுவலகத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார். ஹெல்மெட், முழங்கைக்கு உறை எல்லாம் மனைவி வாங்கிக் கொடுத்ததாம். வண்டிகள் நிறுத்துமிடத்தில் ஒரே கூட்டம். தபால் பிரிவுக்காரர் இருக்கையை அமுக்கி அமுக்கிப் பார்த்து, இதுதானா அந்த சஸ்பென்ஷன் என்று வியந்தார். விலைப்புள்ளி உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார், காற்று எவ்வளவு அடைக்க வேண்டும், கல்லில் எப்படி அமுங்கும் என்று. கண்காணிப்பாளராகப் போகிறவருக்குக்கூட ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார்.

நான் கடைசியாகப் போய் நின்றேன். கறுப்பும் பச்சையுமாகப் பூச்சு, பார்த்தால் எதில் செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்திரண்டு கட்டத்தையும் முதலிலிருந்து சொல்லட்டும், சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொல்லட்டும், ஒரு வார்த்தை முனகாமல் கேட்பேன் என்று தீர்மானித்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

"கடைசியில என்னதான் முடிவு பண்ணீங்க? கார்பனா, அலுமினியமா?"

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மரியாதையான சிரிப்பு, கவுன்ட்டரில் வருகிறவர்களுக்கு நாங்கள் சிரிப்போமே, அது.

"அலுமினியம், மேடம்" என்றார்.